ஒரு கோட்டை விதைப்பாடு

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர் ஒருவர், "ஊரிலே எனக்கு ஒரு கோட்டை இருக்கிறது" என்று சொன்னால், வேற்றூர்க்காரர்கள் அகழியையும் கொத்தளத்தையும் கற்பனை செய்துகொண்டு மிரண்டுபோக வேண்டியதில்லை. கோட்டை என்பது எங்கள் ஊர்களில் நெல்லின் அளவு. இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. அவ்வளவு விதை எந்த நிலத்துக்குப் போதுமோ அந்த நிலம் ஒரு கோட்டை விதைப்பாடு. மரக்கால் விதைப்பாடு ஏறக்குறைய எட்டு சென்ட் என்பார்கள். அந்தக் கணக்குப்படி கோட்டைக்கு ஒரு ஏக்கர் அறுபத்தெட்டு சென்ட் வருகிறது. ஒரு ஜோடி மாடும், இரண்டு பெரியவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு வரப்பில் நிற்கக்கூடிய பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ள குடும்பம், காரும் பிசானமுமாக இரண்டு போகமும் பார்த்துக்கொள்ளத் தோதான அளவு அது. அதற்கு மேலே போனால் கூலிக்கு ஆள் வேண்டும். கீழே போனால் வீட்டில் யாராவது வேறு வேலைக்குப் போகவேண்டும்.

இந்த ஒரு கோட்டை வயலைக் கிரயத்துக்கு வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்பது பத்தமடையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் பேச்சு. கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சப்தத்தினூடேகூட இதைப் பேசிக் கேட்டிருக்கிறேன். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் குத்தகைதான் ஜயிக்கிறது. நஞ்சை நிலத்தின் விலை அதில் விளையும் நெல்லுக்குக் கட்டாத விலை. அந்தப் பணத்தை வட்டிக்கு விட்டால் வரும் வருமானம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் நெல்லைவிட அதிகம். கடன் வாங்கி நிலம் வாங்கினாலோ கேட்கவே வேண்டாம். இது ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அப்படியிருந்தும், கையில் நாலு காசு சேர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தை வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போட்ட கணக்கு வேறு. அது என்ன கணக்கு என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

பத்தமடை என்றவுடன் எல்லோருக்கும் பாய்தான் ஞாபகம் வரும். லெப்பைமார் குடும்பங்கள் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, கிழித்து, சாயம் தோய்த்து நெய்கிற பாய். பட்டுத் துணி மாதிரி மடித்துப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் கோரைக்கும் சரி, நெல்லுக்கும் சரி, மூலம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவது கன்னடியன் கால்வாய். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மசாரி தனக்குத் தானமாகக் கிடைத்த பொன்னைக் கொண்டு இந்தக் கால்வாயை வெட்டினான் என்றும், ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போய், அது நடந்த வழியெல்லாம் கால்வாயாகவும், படுத்த இடமெல்லாம் குளமாகவும், நீர்விட்ட இடமெல்லாம் மடையாகவும் அமைத்தான் என்றும் கதை. பத்து மடை உள்ள ஊர் பத்தமடை ஆயிற்று என்பதும் அந்த வகைக் கதைதான். பசுவை நம்பினாலும் நம்பாவிட்டாலும் கால்வாய் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று வயிறு வயிறாக நிரப்பிக்கொண்டு, கடைசியில் மிச்சத்தோடு பத்தமடைப் பக்கம் வருகிறது.

அதனால் அங்கே நிலம் பார்க்கப் போகிறவர் மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பதெல்லாம் சினிமாவோடு சரி. முதல் கேள்வி, எந்த மடைப் பாய்ச்சல் என்பது. இரண்டாவது கேள்வி, அந்த மடையில் வயல் தலையிலா, கடையிலா என்பது. மழை தப்பிய வருஷத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஊர்க்கூட்டம் கூடும். தண்ணீர் வயலோடு போவதுதான். ஆனால் கூட்டத்தில் பேசுகிற வாய் வயலுக்குச் சொந்தக்காரனுடைய வாய். குத்தகைக்காரன் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பான். விலைக்கும் குத்தகைக்கும் உள்ள முதல் வித்தியாசம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

'சொந்தம்' என்ற வார்த்தைக்கு இன்று நாம் கொடுக்கிற அர்த்தம் ரொம்பப் பழையது அல்ல. ஆற்றுப் பாசன ஊர்களில் முன்பு இருந்தது காணியாட்சி. பாரசீக வார்த்தையில் மிராசு. மிராசுதாருக்கு இருந்தது இன்ன வயல் என்பதல்ல. ஊரில் இத்தனை பங்கு என்பது. நஞ்சையில் பங்கு, புஞ்சையில் பங்கு, வீட்டு மனையில், குளத்து மீனில், பனையில் பங்கு. சில ஊர்களில் கரையீடு என்று ஒரு வழக்கம். சில வருஷங்களுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வயல்களை மாற்றிக்கொள்வார்கள். நல்ல வயலும் கடைமடை வயலும் எல்லோருக்கும் சுற்றி வரவேண்டும் என்ற நியாயம். இதை விற்கலாம், ஒத்தி வைக்கலாம். ஆனால் விற்பது வயலை அல்ல, பங்கை. இன்றைய கம்பெனிப் பங்குக்கு ரொம்ப தூரத்துத் தாயாதி என்று சொல்லலாம்.

மிராசுதாருக்குக் கீழே உழுகிறவர்களில் இரண்டு வகை. உள்குடிப் பாயக்காரி என்பவர் ஊரோடு இருந்து பரம்பரையாகச் சாகுபடி செய்கிறவர். வாரத்தை ஒழுங்காகக் கொடுக்கிற வரைக்கும் அவரை எழுப்ப முடியாது. அவருக்குப் பிறகு அவர் பிள்ளை உழுவார். ஆனால் அவர் நிலத்தை விற்க முடியாது. புறக்குடிப் பாயக்காரி வெளியூரிலிருந்து வந்து, பேசிய காலத்துக்கு உழுதுவிட்டுப் போகிறவர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை மிராசு உரிமையைப் பற்றி எழுதிய நீண்ட பதில்கள் 1818-இல் அச்சாயின. இந்த வித்தியாசங்களை அவர் எவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. அவர் முக்கியமாக எழுதியது தொண்டை மண்டலத்தைப் பற்றி. ஆனாலும் தாமிரபரணிக் கரைக்காரனுக்கு அது அந்நியமாகப் படாது.

இந்த உள்குடிதான் என் மனத்தைத் தொந்தரவு செய்கிறவர். வாங்கியவரும் இல்லை, வாடகைக்கு இருப்பவரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு திண்ணை இருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் திண்ணையைச் சர்க்கார் இடித்துவிட்டது.

நவாபிடமிருந்து திருநெல்வேலி 1801-இல் கம்பெனியின் கைக்கு வந்தது. பாளையக்காரர்களில் மிஞ்சியவர்களுக்கு 1803-இல் ஜமீன் சனது கொடுத்தார்கள். மற்றச் சர்க்கார் கிராமங்களில் என்ன செய்வது என்று ஒரு பதினைந்து இருபது வருஷம் தடுமாறினார்கள். 1820-இல் தாமஸ் மன்றோ சென்னைக் கவர்னராக வந்தார். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு ரயத்து, அவர் பெயரில் ஒரு பட்டா, அவர் சர்க்காருக்கு நேராக வரி கட்டவேண்டியது என்ற ரயத்துவாரி முறை நிலைத்தது. மன்றோ நல்ல மனிதர். உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே தரகன் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் ஒரு வயலுக்கு ஒரு பெயர்தான் எழுதலாம் என்றால் யார் பெயரை எழுதுவது? ஆற்றுப் பாசன ஊர்களில் கணக்கப்பிள்ளை மிராசுதார் பெயரை எழுதினார். உள்குடி கணக்கிலிருந்து காணாமல் போனார். 1860, 70-களில் சர்வேயும் செட்டில்மெண்டும் நடந்து, வயலுக்கு நம்பர் ஏறி, பட்டா கெட்டிப்பட்டபோது உள்குடியின் பேரப்பிள்ளைகள் வெறும் குத்தகைக்காரர்கள்.

பட்டா என்று ஒன்று வந்த பிறகுதான் வயல் சரக்காயிற்று. பத்திரம் எழுதலாம், ரிஜிஸ்தர் செய்யலாம், ஈடு காட்டலாம், ஏலத்தில் போகவிடலாம். வாங்குவதா குத்தகையா என்ற கேள்வியும் அப்போதுதான் இன்றைய உருவில் பிறந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரஸ்யமான விஷயம். 1880-களில் பாபநாசத்து அருவித் தண்ணீரை நம்பி ஹார்வி மில் வந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் திருவிதாங்கூரில் லேவாதேவி செய்தார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் இருந்தார்கள். வயலில் விளைந்த பணத்தால் வயல் வாங்கியவர்கள் ரொம்பச் சொற்பம் என்பது என் அபிப்பிராயம். வெளியே சம்பாதித்தவர்கள் உள்ளே வாங்கினார்கள்.

அதே சமயத்தில், உள்ளே வைத்திருந்தவர்கள் வெளியே போக ஆரம்பித்தார்கள். 1904-இல் திருநெல்வேலியிலிருந்து கொல்லம்வரை ரயில் ஓடத் தொடங்கியது. சேரன்மகாதேவியில் ஏறினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அக்கிரகாரத்துப் பிள்ளைகள் படித்தார்கள். வக்கீல், தாசில்தார், டாக்டர் என்று போனார்கள். பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி டாக்டராகி மலேயாவுக்குப் போய், பிறகு ரிஷிகேசத்துக்குப் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். அவர் தகப்பனாரே எட்டயபுரம் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். எல்லோரும் சன்னியாசத்துக்குப் போகவில்லை. பெரும்பாலோர் சம்பளத்துக்குத்தான் போனார்கள். ஆனால் வயலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். வயல் ஊரில் இருந்தது, வயல்காரர் ஊரில் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நெல் அல்லது மணியார்டர் வரவேண்டும், அவ்வளவே. பாதிக்குப் பாதி வாரம் என்றால் களத்தில் நின்று அளக்க ஆள் வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை கோட்டை என்று பேசுகிற கட்டுக்குத்தகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே கட்டுக்குத்தகை பெருகிற்று. விளைச்சல் பொய்த்தால் நஷ்டம் முழுவதும் உழுகிறவன் தலையில். வயல்காரருக்கு நிம்மதி, தபாலில் வரும் நிம்மதி.

வாங்கியவர்கள் எல்லோரும் புத்திசாலிகள் என்று சொல்லிவிடவும் முடியாது. முதல் யுத்தத்துக்குப் பிறகு நெல் விலை உயர்ந்திருந்த காலத்தில், கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் உண்டு. 1930-க்குப் பிறகு விலை விழுந்தது; இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. கடன் ரூபாயில் இருந்தது, வரி ரூபாயில் இருந்தது, கையில் இருந்தது நெல். ஒரு கோட்டை விற்றுக் கட்டிய தவணைக்கு இரண்டு கோட்டை விற்கவேண்டி வந்தது. நெல்லாகக் குத்தகை அளந்தவனுக்கு அந்த வருஷங்கள் மற்ற வருஷங்களைப் போலத்தான். பத்து கோட்டை பேசியிருந்தால் பத்து கோட்டைதான். பத்திரம் வைத்திருந்தவன் பத்திரத்தை இழந்தான். குத்தகைக்காரன் கஞ்சியோடு தப்பினான். ராஜாஜி மந்திரிசபை 1938-இல் கொண்டுவந்த விவசாயக் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் பல வயல்கள் கை மாறிவிட்டிருந்தன. நில அடமான பாங்குகள் இருந்தன. சென்னையில் மத்திய பாங்கு 1929-இலேயே ஏற்பட்டது. ஆனால் அவை பெரும்பாலும் கொடுத்தது பட்டாதாரின் பழைய கடனை அடைக்கத்தான். குத்தகைக்காரன் தான் உழுகிற வயலை வாங்கப் பணம் கொடுக்கும் பாங்கி எதுவும் பத்தமடைக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

இந்த இடத்தில் அயர்லாந்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் நிலக்காரர் லண்டனில், உழுகிறவன் ஊரில். 1903-இல் விண்டாம் என்ற மந்திரி ஒரு சட்டம் கொண்டுவந்தார். குத்தகைக்காரன் தன் நிலத்தையே வாங்கிக்கொள்ளச் சர்க்கார் கடன் கொடுக்கும். நூற்றுக்கு மூன்றேகால் வீதம் அறுபத்தெட்டரை வருஷம் கட்டவேண்டியது. தவணை அவன் அதுவரை கட்டிவந்த குத்தகையைவிடக் குறைவு! அறுபத்தெட்டரை வருஷம் என்றால் தாத்தா கையெழுத்துப் போட்டுப் பேரன் கட்டி முடிப்பது. ஆனால் முதல் தவணை கட்டிய அன்றே தாத்தா வேலி போடலாம். அதே வெள்ளைக்காரன்தான் இங்கேயும் ஆண்டான். அயர்லாந்தில் கிளர்ச்சி செய்தார்கள். இங்கே மனு எழுதினோம்.

நம் சட்டம் வர 1955 ஆயிற்று. அந்த வருஷத்து இருபத்தைந்தாவது சட்டம் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். தானோ தன் குடும்பத்தாரோ உடலால் உழைத்துப் பயிர் செய்கிறவனை, குத்தகை பாக்கி முதலிய சில காரணங்கள் இல்லாமல் நிலத்தைவிட்டு எழுப்பக்கூடாது. அடுத்த வருஷத்துச் சட்டம் நியாயமான குத்தகை எவ்வளவு என்று சொல்லிற்று: நஞ்சையில் நூற்றுக்கு நாற்பது, இறைத்துப் பாய்ச்சவேண்டியிருந்தால் முப்பத்தைந்து, மற்றதில் மூன்றில் ஒன்று. பிற்பாடு அது இருபத்தைந்தாகவே குறைந்தது. அதுவரை பாதிக்கு மேலே அளந்து கொட்டியவர்களுக்கு நாற்பது என்பது நம்ப முடியாத எண். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு கணக்கில் காணாமல் போன உள்குடி திரும்பி வந்துவிட்டார் என்றே சொல்லலாம். திண்ணை மறுபடியும் கட்டப்பட்டது.

சட்டம் எழுதியவர்கள் எதிர்பாராத விஷயம் ஒன்று நடந்தது. எழுப்ப முடியாத குத்தகைக்காரன் இருக்கிற வயலை வெளியாள் எவன் வாங்குவான்? வயலுக்கு ஒரே ஒரு கிராக்கிதான்: அதை உழுதுகொண்டிருப்பவன். ஆகவே விலை இறங்கிற்று. பம்பாயிலும் டில்லியிலும் இருந்த வயல்காரர்கள், வராத குத்தகைக்கு வழக்குப் போடுவதைவிட வந்த விலைக்குக் கொடுத்துவிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். குத்தகையைக் காப்பாற்றப் போட்ட சட்டம் கிரயத்தை உண்டாக்கியது. எல்லா இடத்திலும் இப்படி இனிமையாக முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'சொந்தச் சாகுபடி' என்று சொல்லி முன்கூட்டியே ஆளை எழுப்பியவர்கள் உண்டு. பெயர் மாற்றி மாற்றி எழுதியவர்கள் உண்டு. 1961-இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும் 1970-இல் பதினைந்து என்றும் உச்சவரம்பு வந்தபோது, பிறக்காத பேரனுக்குக்கூடப் பங்கு எழுதலாமா என்று வக்கீலைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

இந்த அலையில் வயல் வாங்கிய ஒரு பெரியவரைப் பத்தமடையில் கால்வாய்க் கரையில் சந்தித்தேன். தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். அறுபதுகளின் நடுவில், தான் குத்தகைக்கு உழுத ஒரு கோட்டை வயலையே அவர் கிரயம் வாங்கியவர்.

"அப்ப குத்தகை குறைஞ்சிருந்ததே பாட்டையா, எழுப்பவும் முடியாது. பிறகு எதுக்குக் காசைப் போட்டு வாங்கினிய?" என்று கேட்டேன்.

"குறைஞ்சுதான் இருந்துச்சு தம்பி. வாங்காண்டாம்னு எங்க மாமாகூடச் சொன்னாவ. எங்க ஆத்தாவோட பாம்படத்தை வித்துத்தான் முன்பணம் கொடுத்தேன்."

"அதான் கேக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொங்கலுக்கு முந்தின நாள் வயக்காரர் வீட்டுக்கு வாழைத்தாரும் காய்கறியும் சுமந்துட்டுப் போகணும். அவுக நல்லவுகதான், மோர் கொடுப்பாக. வாசல்ல நின்னு குடிச்சிட்டு வரணும். எங்க அய்யா சுமந்தாவ, நானும் சுமந்தேன். எம் மவன் ஏழாவது படிக்கான், அந்த வருஷம் தாரைத் தூக்கி அவன் தலையில வச்சேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் தம்பி பாம்படத்தை வித்தேன்."

இன்னொன்றும் சொன்னார். குத்தகை வயலில் அவர் தென்னை வைத்ததில்லை. சட்டம் எழுப்பாது என்று தெரியும்; ஆனாலும் கை வரவில்லை. "ஏழு வருஷத்துக்குப் பிறகு காய்க்கிற மரத்தை அடுத்தவன் வரப்புல எவன் வப்பான்?" கிரயம் ஆன மறு வாரமே வரப்பில் ஆறு கன்று வைத்தாராம்.

பாங்கிக் கணக்கில் வராத கணக்கு இது. குத்தகைக்காரனுக்குக் கிடைப்பது இந்தப் போகத்தின் நெல். வாங்குகிறவன் விலை கொடுப்பது நெல்லுக்கு அல்ல; அடுத்த போகத்தையும் அதற்கடுத்த போகத்தையும் பற்றி யாரையும் கேட்காமல் யோசிக்கிற சௌகரியத்துக்கு. கிணறு வெட்டலாமா, வாழைக்கு மாறலாமா, ஒரு வருஷம் தரிசாகப் போட்டு மண்ணுக்கு மூச்சு விடலாமா, பெண் கல்யாணத்துக்கு ஒத்தி வைக்கலாமா, கூட்டத்தில் எழுந்து பேசலாமா. இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கட்டாத விலை.

தைவானில் இதைச் சர்க்காரே கணக்கில் எடுத்துக்கொண்டது. 1949-இல் குத்தகையை நூற்றுக்கு முப்பத்தேழரையாகக் குறைத்தார்கள். நம் நாற்பதுக்குப் பக்கத்து எண்தான். வித்தியாசம் அடுத்த அடியில். 1953-இல் குத்தகை நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு உழுகிறவனுக்கே விற்றது. விலை, ஒரு வருஷ முக்கிய விளைச்சலைப் போல இரண்டரை மடங்கு. பத்து வருஷத் தவணை. இங்கே ஆத்தாவின் பாம்படம் செய்த வேலையை அங்கே ஒரு சட்டம் செய்தது.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும். பத்தமடை வயல்களில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள் எல்லோரும் குத்தகைக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் கூலிக்கு வந்த சேரி ஜனங்கள். அவர்கள் பெயரில் பட்டாவும் இல்லை, குத்தகையும் இல்லை. 1955 குத்தகைக்காரனைக் காப்பாற்றியது. குத்தகையே இல்லாதவனைக் காப்பாற்ற அதில் ஒன்றும் இல்லை. வயல்கள் விலைக்கு வந்த அந்த இருபது வருஷத்தில் குத்தகை என்பதே ஒரு சொத்து என்று தெரியவந்தது. அதை வைத்திருந்தவன் ஏணியில் கால் வைத்தான். கூலிக்காரனுக்கு ஏணியே காட்டப்படவில்லை. வாங்குவதா குத்தகையா என்று கேட்கிறவன், இரண்டில் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவன்.

இந்த மலைக்கு மேலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலைத் தேயிலை அப்படித்தான் வந்தது. கம்பெனிக்குக் குத்தகை போதுமானதாகவே இருந்தது. தொண்ணூற்றொன்பது வருஷத்தில் எத்தனை தேயிலை கிள்ளலாம்! ஜமீன் போயிற்று, காடு சர்க்காருடையதாயிற்று, குத்தகை நின்றது. கிள்ளிய குடும்பங்கள் நாலு தலைமுறை லயத்து வீடுகளில் இருந்தன. குத்தகை 2028-இல் முடிகிறது என்று 2024-இலேயே கம்பெனி கடையைக் கட்டியபோது, அவர்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் இல்லை.

கிழக்குத் தஞ்சையில் ஒரு தம்பதி வேறு வழி பார்த்தார்கள். 1968-இல் கீழ்வெண்மணியில் நாற்பத்துநாலு பேர் கொளுத்தப்பட்ட பிறகு அங்கே போய்த் தங்கிய சர்வோதயக்காரர்கள், கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும். சர்க்கார் எடுத்துக் கொடுக்கும் என்று காத்திருந்து பார்த்தார்கள். பிறகு 1981-இல் 'லாஃப்டி' என்ற ஸ்தாபனத்தை வைத்து, நிலக்காரரிடம் பேரம் பேசி, பாங்கியில் கடன் எழுப்பி, விலை கொடுத்தே வாங்கத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரம் வீட்டுப் பெண்ணின் பெயரில். புருஷன் பெயரில் எழுதினால் கள்ளுக்கடைக்காரர் பெயருக்கு மாற நாளாகாது என்பது கிருஷ்ணம்மாளுக்குத் தெரியாதா என்ன? குறைந்த குத்தகைக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் அதே பணத்தில் இன்னும் எத்தனையோ குடும்பத்துக்கு ஆகியிருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை.

இப்போது பத்தமடைப் பக்கம் ஒரு கோட்டை வயல் வாங்கப் போகிறவர் போட்டியிடவேண்டியது இன்னொரு குடியானவனோடு அல்ல, மனைக்காரரோடு. ரோட்டோரத்து வயலின் விலையில் நெல்லுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே குத்தகை மறுபடியும் பெருகியிருக்கிறது, ஆனால் காகிதம் இல்லாமல். வயல்காரர் 1955-ஐ மறக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று பயப்படுகிறார். வாய்ப்பேச்சுதான், அதுவும் ஒரு வருஷத்துக்கு. அடங்கலில் உழுகிறவன் பெயர் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் பயிர்க் கடன் சுலபமில்லை. 2019-இல் மத்திய சர்க்கார் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் ஆறாயிரம் ரூபாய் என்று ஆரம்பித்த திட்டமும் நிலம் பெயரில் உள்ளவர்களுக்குத்தான்.

கன்னடியன் கரையில் அப்படி ஒருவர் ஒன்றரை ஏக்கரில் வாழை போட்டிருந்தார். குத்தகைப் பணம் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. வயல்காரர் சென்னையில். தார் முற்றுகிற சமயம் பார்த்து ஒரு ராத்திரி காற்று அடித்து முக்கால்வாசி மரத்தைச் சாய்த்துவிட்டது. நிவாரணப் பட்டியலில் பட்டாதார் பெயர் ஏறிற்று. நல்ல மனிதர் அவர்; பணம் வந்ததும் பாதியை அனுப்பிவைத்தார்.